மறுபடியும் ஒன்பதாவதா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

கலிபோர்னியாவில் சன்னிவேல், கூப்பர்டினோ பக்கம் வேலை மாற்றலாகி வருகிறீர்கள், வீட்டில் எட்டாவது முடித்த பிள்ளையோ ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளையோ இருக்கிறது என்றால் இது உங்களுக்கு. சின்னப் பிள்ளைகளோடு வருபவர்கள் கவலைப்பட வேண்டாம். இரண்டாவதில் போட்டாலும் மூன்றாவதில் போட்டாலும் குடி ஒன்றும் முழுகிப் போகாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வருடத்துக்குத்தான் இங்கே தனிக் கணக்கு, தனிச் சட்டம். அதில் பள்ளி விளையாட்டு பற்றிய ஒரு சட்டம், இங்கே வந்து ஒன்பதாவதைத் திரும்பப் படித்த என் நண்பர் மகளின் கடைசி வருடத்தைக் கெடுத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றவை போகிற போக்கில் வரும்.

முதலில் வீடு. இங்கே ஊர் வேறு, பள்ளி மாவட்டம் வேறு. இந்தப் பகுதியின் அரசு உயர்நிலைப் பள்ளிகளை நடத்துவது ஃப்ரீமாண்ட் யூனியன் ஹைஸ்கூல் மாவட்டம். வளைகுடாவின் அந்தக் கரையில் இருக்கும் ஃப்ரீமாண்ட் நகரத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாவட்டத்தின் பழைய பள்ளி சன்னிவேலில் உள்ள ஃப்ரீமாண்ட் ஹைஸ்கூல். அப்புறம் 1958-இல் கூப்பர்டினோ, 1962-இல் ஹோம்ஸ்டெட், 1965-இல் லின்புரூக், 1969-இல் மாண்டா விஸ்டா. வருடங்களைப் பார்த்தாலே கதை புரியும். ஆப்ரிகாட், பிளம் தோப்புகளாகக் கிடந்த பள்ளத்தாக்கு இது. தோப்புகளை வெட்டி மனை போட்டார்கள், வீடுகள் நிறைந்தன, மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு பள்ளியைத் திறந்தார்கள். பிள்ளைகள் குறைந்த காலத்தில் சன்னிவேல் ஹைஸ்கூல் என்று ஒன்றை 1981-இல் மூடியும் விட்டார்கள்.

ஹோம்ஸ்டெட்டைப் பற்றி நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வது ஒன்றுதான்: ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் படித்த பள்ளி. வாஸ்னியாக் 1968-இல் முடித்தார், ஜாப்ஸ் 1972-இல். இருவருக்கும் ஜான் மெக்கலம் என்ற ஆசிரியரின் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. வாஸ்னியாக் அங்கே செல்லப் பிள்ளை. ஜாப்ஸ் ஒரு வருடத்தோடு போதும் என்று விட்டுவிட்டார். எனக்கு இதைவிடப் பிடித்தது ஜாப்ஸ் வீட்டுக் கதை. மவுண்டன் வியூவில் படித்த பள்ளி பிடிக்கவில்லை, இனிமேல் போக மாட்டேன் என்று பையன் அடம்பிடித்தான். அப்பா அம்மா கையில் இருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டு 21,000 டாலருக்கு லாஸ் ஆல்டோஸில் ஒரு வீடு வாங்கினார்கள். காரணம், அந்தத் தெரு கூப்பர்டினோ பள்ளி எல்லைக்குள் இருந்தது. பள்ளிக்காக வீடு மாறுவது என்னவோ நாம் கொண்டுவந்த பழக்கம் என்று பக்கத்து வீட்டுக்காரர் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

ஊரின் பெயரைப் பார்த்துப் பள்ளியை முடிவு செய்யக் கூடாது என்பதும் இந்தக் கதையிலேயே இருக்கிறது. லாஸ் ஆல்டோஸ் முகவரி, ஹோம்ஸ்டெட் பள்ளி. கூப்பர்டினோ என்று விளம்பரம் செய்யும் அபார்ட்மென்ட்டுக்கு எந்தப் பள்ளி என்பதைத் தெரு எண்ணைப் போட்டு மாவட்டத்தின் இணையப் பக்கத்தில் பாருங்கள். வாடகை ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். தெரிந்தவர் முகவரியைக் கொடுத்துச் சேர்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இந்த மாவட்டம் பெரும்பாலும் உள்ளூர்ச் சொத்து வரியில் ஓடுவது. ஒரு பிள்ளை கூடுதலாக வந்தால் மாநிலத்திலிருந்து அதற்கென்று கூடுதல் பணம் வராது. அதனால் முகவரியைக் குடைந்து குடைந்து பார்ப்பார்கள்.

சேர்க்கை வேலைகள் எளிது. வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, பழைய பள்ளியின் மார்க் ஷீட்டுகள். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, டொனேஷன் என்ற பேச்சே கிடையாது. என் அம்மாவுக்கு இதை இன்னும் நம்ப முடியவில்லை. விசா நிலையைக் காட்டிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. டி.சி.யை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் வாங்கி வையுங்கள். திரும்பிப் போகும் நாள் வந்தால் ஊரில் முதல் கேள்வி அதுதான்.

இரண்டு சின்ன விஷயம். சான்டா கிளாரா கவுன்ட்டியில் சேர்க்கைக்குக் காசநோய் குறித்த படிவம் ஒன்றை டாக்டர் நிரப்பித் தர வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டிருப்பார்கள். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோயே இல்லாமலும் வீங்கிக் காட்டலாம். அப்புறம் எக்ஸ்ரே, அலைச்சல். ரத்தப் பரிசோதனையாகவே எடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது, வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவம் வரும். தமிழ் என்று எழுதினால் முப்பது நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதற்குப் பயந்து ஆங்கிலம் என்று பொய் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளை உட்கார்ந்து எழுதிவிட்டு வந்துவிடும்.

இனி படிப்பு. ஊரில் வருடக் கடைசியில் ஒரு தேர்வு, அதில் 35 வாங்கினால் பாஸ் என்று வளர்ந்தவர்கள் நாம். இங்கே செமஸ்டருக்கு, அதாவது அரை வருடத்துக்கு, ஒரு கிரேடு, ஒவ்வொன்றும் பன்னிரண்டாவது வரை கூடவே வரும். இவற்றின் சராசரிதான் ஜி.பி.ஏ. அதில் டி கிரேடு இருக்கிறதே, அது ஒரு வேடிக்கை. பள்ளியை முடிப்பதற்கு டி பாஸ்தான். ஆனால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்கள், அதாவது பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வகையறா, அதை ஏற்க மாட்டார்கள். குறைந்தது சி வேண்டும். அவர்கள் கேட்பது ஒரு வருடப் பாடங்கள் பதினைந்து, அவற்றில் பதினொன்றைப் பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். வரலாறு இரண்டு, ஆங்கிலம் நான்கு, கணக்கு மூன்று, அறிவியல் இரண்டு, வேற்று மொழி இரண்டு, கலை ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று. கணக்கிலும் அறிவியலிலும் இன்னும் ஒரு வருடம் கூடுதலாக எடுப்பது நல்லது.

அந்தக் கலை ஒன்று என்பதில்தான் நம் அப்பாக்கள் சிரிப்பார்கள். என்ஜினீயரிங் போகிற பையனுக்குச் சித்திரம் எதற்கு? சிரியுங்கள், ஆனால் எடுக்க வையுங்கள். வெளியே டீச்சரிடம் பரதநாட்டியம் கற்று அரங்கேற்றமே முடித்திருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. மொழிப் பாடத்தில் தமிழுக்கு ஓரளவு வழி இருக்கிறது. கலிபோர்னியாத் தமிழ்க் கழகம் 1998-இல் கூப்பர்டினோவில் தொடங்கியதுதான். வார இறுதியில் படிக்கும் தமிழுக்கு உங்கள் பள்ளி மாவட்டம் கிரெடிட் தருமா என்பதைச் சேரும்போதே கேளுங்கள். பன்னிரண்டாவது முடியும்போது இருமொழி முத்திரை ஒன்று கொடுப்பார்கள். முதலில் கொண்டுவந்த மாநிலம் இதுதான். அதையும் தமிழில் வாங்கலாமா என்று கேட்டு வையுங்கள்.

எந்தப் பாடம் எடுப்பது என்று வழிகாட்டப் பள்ளியில் கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பார். பல பள்ளிகளில் கடைசிப் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் எந்தக் கவுன்சிலர் என்று பிரிக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். நாம் கேட்காததை அவர்கள் சொல்ல மாட்டார்கள். இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் நண்பர் மதுரைக்காரர். மகள் மதுரையில் ஒன்பதாவதை முழுதாக முடித்திருந்தாள். நல்ல மார்க். அதைவிட நல்ல பேட்மின்டன். ஜூலையில் வந்து இறங்கினார்கள். அவர்கள் சேர்ந்தது நான் மேலே சொன்ன பள்ளிகளில் ஒன்றல்ல, வேறு மாவட்டம். பெயர் வேண்டாம். வந்ததும் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். வழக்கமான உபதேசம் வந்தது: “பத்தாவதுல போடாதீங்க. திரும்ப ஒன்பதாவதுலயே போடுங்க. ஜி.பி.ஏ. புதுசா ஆரம்பிக்கும், நாலு வருஷமும் இங்கேயே படிச்ச மாதிரி இருக்கும், காலேஜுக்கு நல்லது.” ஒருவர் சொன்னால் பரவாயில்லை, வரிசையாகக் கட்டைவிரல் தூக்கினார்கள். கவுன்சிலரிடம் கேட்டார்கள். வயது பொருந்துகிறது, நீங்கள் விரும்பினால் சரி என்று அவரும் தலையாட்டிவிட்டார். மதுரை மார்க் ஷீட்டும் கோப்பில் ஏறியது.

பொண்ணு முதல் வருடமே பள்ளி பேட்மின்டன் அணியில் சேர்ந்துவிட்டாள். இங்கே பேட்மின்டன் வசந்த கால விளையாட்டு, பிப்ரவரிவாக்கில் தொடங்கும். வந்த புதிதில் பேச ஆளில்லாமல் மதியச் சாப்பாட்டை நூலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், அணியில் சேர்ந்த பிறகுதான் சிரித்து நான் பார்த்தேன். மூன்று சீசன் ஆடினாள். பதினொன்றாவதில் முதல் நிலை ஒற்றையர் ஆட்டக்காரி. அடுத்த வருடம் அவள்தான் கேப்டன் என்று கோச் சொல்லியே வைத்திருந்தார். பன்னிரண்டாவதில், சீசன் தொடங்கும் முன் விளையாட்டுப் பிரிவு அலுவலகம் கோப்பைப் புரட்டியபோது மதுரை மார்க் ஷீட் கண்ணில் பட்டது. உனக்கு ஆடும் தகுதி போன வருடமே முடிந்துவிட்டது என்றார்கள்.

சட்டம் இதுதான். கலிபோர்னியாவில் பள்ளி விளையாட்டுகளைக் கட்டுப்படுத்துவது சி.ஐ.எஃப். என்ற அமைப்பு. 1914-இல் தொடங்கியது. மாநிலத்தைப் பத்துப் பிரிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் பகுதி சென்ட்ரல் கோஸ்ட் பிரிவு. பிள்ளை முதன்முதலாக ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக எட்டு செமஸ்டர், அவ்வளவுதான் ஆட முடியும். எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அந்தப் பள்ளி மதுரையில் இருந்தாலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மதுரை ஒன்பதாவதுக்கு இரண்டு, இங்கே ஒன்பதாவதுக்கு இரண்டு, பத்துக்கு இரண்டு, பதினொன்றுக்கு இரண்டு. எட்டு முடிந்தது. பன்னிரண்டாவதுக்கு ஒன்றும் மிச்சமில்லை. நடுவில் ஒரு வருடம் ஆடாமல் இருந்தாலும் கடிகாரம் நிற்காது.

விதிவிலக்குக் கேட்டு எழுதினார்கள். நோய், விபத்து மாதிரிக் கைமீறிய காரணத்துக்குத்தான் கொடுப்பார்கள். இவள் ஒன்பதாவதில் தேறியவள், பெற்றோர் விரும்பித் திரும்பப் போட்டார்கள். நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. கவுன்சிலருக்கு விளையாட்டுச் சட்டம் தெரியவில்லை. விளையாட்டு அலுவலகத்துக்கு இந்தப் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்த்தார்கள் என்று மூன்று வருடம் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு தாழ்வாரம்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதனால் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எந்த லாபத்துக்காக அந்த வருடத்தைத் திருப்பிப் படித்தாளோ அந்த லாபமே அரைகுறை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்கள் ஜி.பி.ஏ. கணக்குப் போடுவது ஒன்பதாவது முடிந்த கோடை முதல் பதினொன்றாவது முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களுக்கு மட்டும். ஒன்பதாவது கிரேடு அந்தக் கணக்கிலேயே சேராது. சி-க்குக் குறையாமல் இருந்தால் போதும். அதே சமயம் விண்ணப்பத்தில் ஒன்பதாவதிலிருந்து படித்த எல்லாப் பள்ளியையும், வெளிநாட்டுப் பள்ளி உட்பட, எழுதத்தான் வேண்டும். ஆக, மதுரை ஒன்பதாவது அழியவில்லை. இரண்டு ஒன்பதாவது வரிசையாக நிற்கிறது. புதிதாக ஆரம்பிக்கும் என்று சொன்ன குழுக்காரர்களில் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் யோசிக்கட்டும்.

திரும்பப் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வருகிற பிள்ளை, வருட நடுவில் இடம் பெயர்ந்து பாதிப் பாடம் விட்டுப்போன பிள்ளை, வயதுக்கு முன்னால் பள்ளியில் சேர்த்துவிட்ட பிள்ளை, இவர்களுக்கு அந்த ஒரு வருடம் மூச்சுவிட இடம் கொடுக்கும். பிள்ளைக்கு விளையாட்டில் நாட்டமே இல்லை என்றால் இந்தச் சட்டம் உங்களைத் தொடவும் தொடாது. ஆனால் பன்னிரண்டு வயதில் நாட்டமில்லாத பிள்ளை பதினைந்து வயதில் எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ரோபாட்டிக்ஸ், விவாதம், பேண்டு வாத்தியம் போன்றவை சி.ஐ.எஃப். கையில் இல்லை, அவற்றுக்கு இந்த எட்டு செமஸ்டர் கணக்குக் கிடையாது. ஹோம்ஸ்டெட்டின் ரோபாட்டிக்ஸ் அணியும், அணிவகுத்துப் போகும் பேண்டு குழுவும் நம் பிள்ளைகளுக்கு நல்ல இடம்.

வயதுக்கும் ஒரு கோடு உண்டு. ஜூன் 15-க்கு முன்பே பத்தொன்பது நிறைந்துவிட்டால் அடுத்த கல்வியாண்டில் ஆட முடியாது. ஊரில் ஒரு வருடம் தாமதமாக எல்.கே.ஜி. சேர்த்து, இங்கே வந்து ஒரு வகுப்பு கீழே இறக்கினால் இந்தக் கோட்டில் இடிக்கும். பிறந்த தேதியை வைத்து இப்போதே கணக்குப் போடுங்கள்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல். அங்கே ஏப்ரலிலேயே அடுத்த வகுப்பு தொடங்கிவிடும். மார்ச்சில் எட்டாவதை முடித்து, ஏப்ரல், மே, ஜூலை என்று கொஞ்ச நாள் ஒன்பதாவதில் உட்கார்ந்துவிட்டு, ஆகஸ்டில் இங்கே ஒன்பதாவதில் சேரும் பிள்ளைகள் நிறையப் பேர். மாற்றல் உறுதி என்று தெரிந்தால் எட்டாவதோடு டி.சி. வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தால் மறைக்காதீர்கள். தகுதி பற்றிப் பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் இருபத்து நான்கு மாதம் வரை தடை போடலாம், அணி ஜெயித்த ஆட்டங்களும் பறிபோகும். உங்கள் பிள்ளைக்காக இன்னும் பத்துப் பிள்ளைகள் அழுவார்கள்.

ஆகவே வகுப்பை முடிவு செய்யும் முன் கவுன்சிலருக்கும், அத்லெட்டிக் டைரக்டர் என்ற விளையாட்டுப் பொறுப்பாளருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். இருவரையும் சேர்த்தே போடுங்கள். என் பிள்ளை இன்ன தேதியில் இன்ன ஊரில் ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகச் சேர்ந்தான், இன்ன தேதி வரை படித்தான், இப்போது இன்ன வகுப்பில் போட்டால் எந்த செமஸ்டர் வரை ஆடலாம் என்று கேளுங்கள். வாயால் சொன்ன பதிலுக்கு மதிப்பில்லை. எழுத்தில் வரும்வரை சேர்க்கைப் படிவத்தில் வகுப்பை உறுதி செய்யாதீர்கள். இதைக் கேட்டால் தொந்தரவு பிடித்த பெற்றோர் என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். இங்கே எல்லாரும் தொந்தரவு பிடித்த பெற்றோர்தான்.

விளையாட்டில் சேர்க்க நினைத்தால் இன்னும் சில. கிரிக்கெட் பள்ளி விளையாட்டாக இல்லை, அந்த ஆசையைப் பையிலேயே வையுங்கள். இலையுதிர் காலத்தில் அமெரிக்க ஃபுட்பால், கிராஸ் கன்ட்ரி ஓட்டம், வாட்டர் போலோ, பெண்கள் டென்னிஸ். குளிர்காலத்தில் கூடைப்பந்து, சாக்கர், மல்யுத்தம். வசந்தத்தில் பேட்மின்டன், நீச்சல், தடகளம், ஆண்கள் டென்னிஸ். கிராஸ் கன்ட்ரியிலும் தடகளத்திலும் பெரும்பாலும் யாரையும் கழிக்க மாட்டார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு நண்பர் கிடைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஜி.பி.ஏ. 2.0-க்குக் கீழே போனால் ஆட முடியாது, இது மாநிலச் சட்டம். உடற்கல்வி இரண்டு வருடம் கட்டாயம், பல பள்ளிகளில் அணியில் ஆடினால் அதற்குக் கழித்துக்கொள்வார்கள்.

பணம் கேட்பார்கள். சீருடை, பஸ், கோச் என்று சொல்லி ஒரு தொகையைக் குறிப்பிட்டு மெயில் வரும். நம் ஆட்கள் கட்டணம் என்று நினைத்துக் கேள்வி கேட்காமல் கட்டுவார்கள். அது நன்கொடை. பள்ளி நடத்தும் விளையாட்டுக்கும் மற்ற நிகழ்ச்சிகளுக்கும் கட்டணம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1984-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. முடிந்தால் கொடுங்கள், அணி அதில்தான் ஓடுகிறது. முடியாவிட்டால் கொடுக்காததற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்த முடியாது.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். வாஸ்னியாக் ஹோம்ஸ்டெட்டில் படித்தபோது டிக் டிக் என்று சத்தம் போடும் கருவி ஒன்றைச் செய்து, குண்டு மாதிரி லாக்கரில் வைத்து, ஒரு ராத்திரி சிறார் காவலில் இருந்தார். இன்று அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இன்று யாராவது அப்படி விளையாட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போலீஸ் வரும். ஊரில் நண்பர்களோடு பேசுகிற மாதிரி, ஸ்கூலுக்குக் குண்டு வைக்கணும்டா என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, தேதி. பள்ளி திறப்பது ஆகஸ்ட் நடுவில். 2022-லிருந்து மாநிலச் சட்டப்படி பெரும்பாலான ஹைஸ்கூல்கள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது, அதனால் காலையில் அவ்வளவு ஓட்டம் இல்லை. ஆனால் இலையுதிர் கால அணிகளுக்கான தேர்வும் பயிற்சியும் பள்ளி திறக்கும் முன்பே ஆரம்பித்துவிடும். அதற்கு டாக்டர் கையெழுத்திட்ட உடல் பரிசோதனைப் படிவம் கையில் இருக்க வேண்டும், வருடா வருடம் புதிதாக. வந்து இறங்கி, இன்ஷூரன்ஸ் அட்டை வந்து, டாக்டரிடம் நேரம் கிடைப்பதற்குள் தேர்வு முடிந்திருக்கும். விமான டிக்கெட் போட்டதுமே பள்ளியின் படிவத்தை இறக்கிவைத்து, காசநோய்ப் படிவத்துக்குப் போகிற அன்றே அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள்.